பழைய சிடி, ரிமோட்டு, அப்பளம், ரேடியோ: கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த வீட்டுலயே புடிக்கிறது எப்படி

நம்ம டெல்டா பக்கம் வயல்ல மயிலு, குருவி இறங்காம இருக்க பழைய சிடிய கயித்துல கட்டித் தொங்க விட்டுருப்பாங்க, வெயில் பட்டா கலர் கலரா அடிக்கும். அந்த சிடிதான் நமக்கு முதல் கருவி. மத்தபடி டிவி ரிமோட்டு, செல்போனு, மஞ்சத்தூளு, ஒரு கை நாத்து, அப்பளம், மீடியம் வேவ் எடுக்குற ரேடியோ, நோட்டு செக் பண்ற புற ஊதா டார்ச்சு, மைக்ரோவேவ் ஓவன், இதுதான் முக்கியமாத் தேவை. ஸ்கூல் புக்குல மின்காந்த அலைன்னு ஒரு நீளப் பட்டையப் போட்டு ரேடியோ ஒரு ஓரம், காமா இன்னொரு ஓரம்னு கோடு கிழிச்சு வச்சுருப்பாங்க, பசங்களும் அத மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க்க வாங்கிட்டு அதோட மறந்துருவாங்க. அந்தப் பட்டையில பாதிக்கு மேல வீட்டுலயே செஞ்சு பாக்கலாம், அதான் எழுதுறேன்.

ஒன்ன மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். குண்டு பல்பு வெளிச்சம், ரிமோட்லேர்ந்து வர்றது, திருச்சி வானொலி அலை, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எல்லாம் ஒரே சாமான்தான். வெற்றிடத்துல எல்லாத்துக்கும் ஒரே வேகம், நொடிக்கு கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டரு. அலைநீளம்தான், அதாவது ஒரு அலை முகட்டுலேர்ந்து அடுத்த முகடு வரைக்கும் உள்ள தூரம்தான், வேற வேற. நம்ம கண்ணு புடிக்கிறது தோராயமா 400லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும் (ஒரு மில்லிமீட்டர பத்து லட்சமா பிரிச்சா ஒரு பங்குதான் நானோமீட்டர்), ஒரு தலைமுடி தடிப்புல இதுல நூறு அலைக்கு மேல அடுக்கிடலாம். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ்ல வருதே அதோட ஒரு அலை 320 மீட்டரு, தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 66 மீட்டர்னு வச்சா அஞ்சு விமானத்த ஒன்னு மேல ஒன்னு வச்ச உயரம். இவ்ளோ வித்தியாசம் இருந்தா ஒரே கண்ணு எல்லாத்தையும் எப்படி பாக்கும்? ஒவ்வொன்னுக்கும் ஒரு கண்ணு தேடணும்.

மொதல்ல சிடி

டிவிடி வேணாம், சிடியாவே எடுங்க. டிவிடில வெள்ளித் தகடு ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவுல மாட்டிருக்கும், உரிக்கிறது கஷ்டம். சிடில அது லேபிளுக்கு அடியிலேயே இருக்கு. லேபிள் பக்கம் கத்தி முனையால ஒரு கோடு கீறி, அகலமான பிரவுன் டேப்ப அழுத்தி ஒட்டி வெடுக்குன்னு இழுத்தா வெள்ளிப் பூச்சு அப்படியே டேப்போட வந்துரும், கையில கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் மிச்சமிருக்கும். (கல்யாண கேசட்டுலேர்ந்து மாத்தி வச்ச சிடியத் தொடாதீங்க, வீட்டுல சோறு கெடைக்காது.) அத ரெண்டு நிமிஷம் வெந்நீல போட்டு எடுத்து கத்திரிக்கோலால வெளி ஓரத்துலேர்ந்து மூணு விரக்கடை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கங்க, ஆறிப்போயி வெட்டினா விரிசல் விட்டுரும்.

சிடில 1.6 மைக்ரோமீட்டருக்கு ஒரு தடம்னு சுத்தி சுத்தி ஓடும், ஒரு மில்லிமீட்டர்ல அறுநூத்து சொச்சம் தடம். இவ்ளோ நெருக்கமான கோடு இருந்தா அதுவழியா போற வெளிச்சம் கலர் கலராப் பிரிஞ்சு ஒவ்வொன்னும் ஒவ்வொரு கோணத்துல வெளிய வரும். நம்ம செய்ற ஸ்பெக்ட்ரோஸ்கோப்புக்கு, அதாவது வெளிச்சத்த கலர் கலராப் பிரிச்சுக் காட்டுற குழாய்க்கு, இதுதான் உசுரு.

அடுத்து ஒரு அட்டைக் குழாய், முக்கால் அடிலேர்ந்து ஒரு அடி நீளம். துணிக்கடையில துணி சுத்தி வர்ற குழாய் கேட்டா சும்மாவே குடுப்பாங்க, இல்லன்னா கருப்பு சார்ட் பேப்பர சுருட்டிக்கலாம். உள்ள கருப்பா இருக்கணும், இது முக்கியம். ஒரு பக்க வாய அட்டையால மூடி நடுவுல சின்ன ஜன்னலா வெட்டுங்க. ஷேவிங் பிளேட ரெண்டா ஒடிச்சு (பேப்பர்ல சுத்தி ஒடிங்க, பசங்க கையில குடுக்காதீங்க) ரெண்டு கூர் விளிம்பும் எதிரெதிரா வர்ற மாதிரி ஜன்னல் மேல ஒட்டணும், நடுவுல இடைவெளி ரெண்டு பேப்பர் தடிப்பு இருந்தா போதும். இந்த இடைவெளி எவ்ளோ குறுகலா இருக்கோ அவ்ளோ சுத்தமா கோடு தெரியும், ஆனா ரொம்ப குறுக்கிட்டா வெளிச்சமே வராது, ஒன்னு ரெண்டு தடவ மாத்தி ஒட்டிப் பாத்தாதான் கைக்கு வரும்.

இன்னொரு பக்க வாய்ல சிடி துண்ட ஒட்டணும். இங்கதான் நெறைய பேரு கோட்டை விடுவாங்க. சிடியோட வளைஞ்ச வெளி ஓரம் எந்தத் திசையில ஓடுதோ அந்தத் திசையும் பிளேடு இடைவெளியும் ஒரே வாக்குல இருக்கணும். தப்பா இருந்தா கலர் சாய்ஞ்சு மங்கலாத் தெரியும், துண்ட மெதுவா திருப்புனா ஒரு எடத்துல கும்முனு சரியா வந்துரும், அப்ப இன்சுலேஷன் டேப் போட்டு சுத்தி அடைச்சுருங்க.

பாக்கும்போது பிளேடு இடைவெளி நெட்டக்குத்தலா இருக்கட்டும். கண்ண சிடி துண்டுகிட்ட ஒட்டி வச்சு, நேரா பாக்காம கொஞ்சம் சைடுல பாக்கணும், நேர் கோட்டுலேர்ந்து ஒரு 20 டிகிரி தள்ளி. நேரா பாத்துட்டு ஒன்னுமே தெரியலன்னு தூக்கிப் போடுறவங்க ஜாஸ்தி. சைடுல குழாய் உள்சுவத்து மேல ஊதாலேர்ந்து சிவப்பு வரைக்கும் பட்டையா நிக்கும். செல்போன் கேமராவ அதே கோணத்துல வச்சா போட்டோவும் எடுத்துக்கலாம்.

சூரியன நேரா இது வழியா பாக்கவே கூடாது. இத தனியா ஒரு பாராவா எழுதுறதுக்குக் காரணம் இருக்கு, கண்ணு போயிடும். வானத்தையோ வெள்ளச் சுவத்தையோ பாருங்க போதும்.

எத எத பாக்குறது

வீட்டுல ஒரு குண்டு பல்போ குத்துவிளக்கோ இருந்தா அதுலேர்ந்து ஆரம்பிங்க, வெட்டே இல்லாம ஒரே பட்டையா தெரியும். சூடாகி ஒளிர்ற கம்பி, கரித்தூள் மாதிரி திடப்பொருள் எதுவும் அப்படித்தான். அடுத்து பழைய சிஎஃப்எல் பல்பு. இதுல பட்டை துண்டு துண்டா ஒடைஞ்சுருக்கும், பளிச்சுன்னு ஒரு பச்சை, ஒரு நீலம், ஒரு ஆரஞ்சு சிவப்புன்னு தனித்தனியா நிக்கும். பச்சை 546 நானோமீட்டர், நீலம் 436, ரெண்டும் உள்ள இருக்குற பாதரச ஆவியோட கோடு, சிவப்பு கண்ணாடி உள்பக்கம் பூசுன பூச்சுலேர்ந்து வருது, பச்சையிலயும் அந்தப் பூச்சோட பங்கு உண்டு. எல்இடில நீலம் ஒரு எடத்துல உசந்து நிக்கும், அதுக்கப்பறம் ஒரு பள்ளம், அப்பறம் பச்சைலேர்ந்து சிவப்பு வரைக்கும் மேடு. எல்இடி உள்ள இருக்கறது நீல விளக்குதான், மேல இருக்குற மஞ்சப் பூச்சுதான் அத வெள்ளையாக் காட்டுது.

அந்த 436 நீலக் கோட்ட கொஞ்சம் நின்னு பாருங்க. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற திருவானைக்காவல்ல 1888ல பொறந்த சி.வி. ராமன், கல்கத்தாவுல 1928 பிப்ரவரி 28ல கண்டுபுடிச்ச விளைவுக்கு எடுத்துக்கிட்ட வெளிச்சம் பாதரச விளக்கோடதுதான், அதுல முக்கியமான கோடு இதே 436. அந்தக் கோட்ட திரவத்துல விட்டுப் பாத்தா பக்கத்துல மங்கலா புதுக் கோடுங்க மொளைச்சுது, அதுக்குத்தான் 1930ல நோபல். நம்ம சிடியில அந்த மங்கல் கோடெல்லாம் தெரியாது, ஆனா அவரு பாத்த அந்த மூலக் கோட்ட நம்ம கொல்லப்பக்கத்து பல்புலேயே பாத்துடலாம்.

இப்ப அடுப்படிக்கு வாங்க. கேஸ் ஸ்டவ்வ எரியவிட்டு லைட்ட அணைங்க, பழைய கரண்டி நுனிய உப்புத் தண்ணியில முக்கி நீலச் சுடரு ஓரத்துல காட்டுங்க. குபுக்குன்னு மஞ்சளாகும்ல, அதக் குழாய் வழியா பாத்தா 589 நானோமீட்டர்ல ஒரே ஒரு மஞ்சக் கோடு, அதான் சோடியம். வேதாரண்யம் கல்லுப்பா இருந்தாலும் பாக்கெட் தூளுப்பா இருந்தாலும் கோடு அதே எடத்துலதான் நிக்கும். தெருவுல இன்னும் பழைய ஆரஞ்சு சோடியம் விளக்கு மிச்சம் இருந்தா அதையும் பாத்துருங்க, எல்லா ஊர்லயும் எல்இடியா மாத்திட்டு வர்றாங்க. அதுல அழுத்தம் ஜாஸ்திங்கறதால மஞ்சள் அகலமா பரவிருக்கும், நடுவுல ஒரு கருப்பு வெட்டு விழும், உள்ள வர்ற வெளிச்சத்த வெளி ஓரத்துல ஆறிக் கெடக்குற சோடியமே முழுங்கிடுது.

பளிச்சுன்னு இருக்குற பகல் வானத்தப் பாக்கும்போதும் அதே கதைதான். பிளேடு இடைவெளி நல்லா குறுகலா அமைஞ்சுருந்தா கலர் பட்டைக்குக் குறுக்க மெல்லிசா கருப்புக் கோடுங்க தெரியும். ஜெர்மனில ஃபிரவுன்ஹோபர்னு ஒருத்தரு 1814ல இத அளந்து வச்சாரு. உப்புல மஞ்சக் கோடு நின்ன அதே எடத்துல சூரியன்ல கருப்புக் கோடு நிக்கும், அப்ப சூரியன்ல சோடியம் இருக்குன்னு அர்த்தம். இந்த மஞ்சக் கோட்டுக்குப் பக்கத்துலயே இன்னொரு மஞ்சக் கோடு, 1868 ஆகஸ்ட் 18ல முழு சூரிய கிரகணம் வந்தப்ப குண்டூர்ல கேம்ப் போட்டுருந்த ஃபிரெஞ்சுக்காரர் ஜான்சனும் மத்தவங்களும் பாத்தாங்க, அந்தக் கோடு பூமியில தெரிஞ்ச எதோடயும் ஒத்துப்போவல, அதுக்கப்பறம் வந்ததுதான் ஹீலியங்கற பேரு.

சிவப்புக்கு அந்தப் பக்கம்

ரிமோட்டு ரொம்ப சுலபம். செல்போன் கேமராவ ஆன் பண்ணி ரிமோட் முனையப் பாத்து பட்டன அமுக்குங்க, ஸ்கிரீன்ல ஊதா கலந்த வெள்ளையா மினுக்கும், வெறும் கண்ணுக்கு ஒன்னும் தெரியாது. தெரியலன்னா செல்ஃபி கேமராவுல பாருங்க, பின்னாடி கேமராவுல இந்த வெளிச்சத்த வடிகட்டுற கண்ணாடி பலமா இருக்கும், முன்னாடி கேமராவுல பல போன்ல அது வீக்கு. இதுதான் அகச்சிவப்பு, ரிமோட்ல பெரும்பாலும் 940 நானோமீட்டர். ரிமோட் ரிப்பேரா, டிவி ரிப்பேரான்னு கண்டுபுடிக்க மெக்கானிக்குக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி இத செஞ்சு பாருங்க.

இத வச்சு ஒரு வெளையாட்டு இருக்கு. கண்ணாடி டம்ளர்ல கருப்பு கோலா ஊத்தி அதுக்குப் பின்னாடி ரிமோட்ட வச்சு கேமராவுல பாருங்க, கண்ணுக்கு கருப்பா இருக்குற கோலா அகச்சிவப்புக்கு கண்ணாடி மாதிரி. ஆறின காப்பி டிகாஷன்லயும் வச்சுப் பாக்கலாம், வண்டல் எவ்ளோன்றதப் பொறுத்து ரிசல்ட்டு மாறும்.

1800ல வில்லியம் ஹெர்ஷல் சூரிய வெளிச்சத்த முப்பட்டகத்துல பிரிச்சு ஒவ்வொரு கலர்லயும் தெர்மாமீட்டர் வச்சாரு, சிவப்பத் தாண்டி ஒன்னுமே தெரியாத எடத்துல சூடு ஏறுச்சு, அப்படித்தான் இது வெளிய வந்துச்சு. நீளமான அகச்சிவப்பு நம்ம ஒடம்புலேர்ந்தும் வருது. கொரோனா சமயத்துல நெத்திகிட்ட துப்பாக்கி மாதிரி காட்டுனாங்களே, அது எதையும் ஒடம்புக்குள்ள அனுப்பல, நம்ம நெத்திலேர்ந்து வர்ற அகச்சிவப்ப வாங்கி அளந்துச்சு, அவ்ளோதான். அத வச்சு மூளை செல்லு செத்துரும்னு வாட்ஸ்அப்ல வந்ததெல்லாம் சுத்தக் கதை.

ஊதாவுக்கு இந்தப் பக்கம்

நோட்டு செக் பண்ற சின்ன யூவி, அதாவது புற ஊதா டார்ச்சு எலக்ட்ரிக் கடையிலயும் ஆன்லைன்லயும் கெடைக்கும். 395 நானோமீட்டர், 365 நானோமீட்டர்னு ரெண்டு வகை, 365 வெல கொஞ்சம் கூட, ஆனா அதுதான் நல்லது, 395ல கண்ணுக்குத் தெரியுற ஊதாவும் சேந்து வந்து மறைக்கும். கண்ணுக்கு நேரா அடிக்காதீங்க. கிருமி கொல்ற 254 நானோமீட்டர் டியூப்ப இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீங்க, தோலும் கண்ணும் பொசுங்கும்.

இருட்டுல ரூபா நோட்டு மேல அடிச்சா நம்பரு பளிச்சுன்னு எரியும், பேப்பர்ல கலந்த பொடி நாரும் தெரியும். சோப்பு பவுடர்ல தொவைச்ச வெள்ள வேட்டி நீலமா ஜொலிக்கும், பவுடர்ல ஒரு சாயம் கலந்துருக்கான், அது யூவிய வாங்கி நீலமா வெளிய விடுது, அந்த "பளீர் வெண்மை" எல்லாம் அதான். மஞ்சத்தூள கொஞ்சம் நல்லெண்ணெயில கரைச்சு அடிங்க, பச்சை கலந்த மஞ்சளா மின்னும்.

எனக்குப் புடிச்சது நாத்துதான். நாத்தங்கால்லேர்ந்து ஒரு கை பச்ச நாத்தப் புடுங்கி வேர வெட்டிட்டு அம்மியிலயோ மிக்சியிலயோ நசுக்கி, மெடிக்கல் ஷாப்ல விக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட ஊத்தி ஒரு பத்து நிமிஷம் ஊற விட்டு துணியில வடிகட்டுங்க. அடுப்பு பக்கத்துல செய்யாதீங்க, குப்புன்னு புடிச்சுக்கும். கண்ணாடி பாட்டில்ல கரும்பச்சையா ஒரு தண்ணி கெடைக்கும். இருட்டுல சைடுலேர்ந்து டார்ச் அடிச்சா அந்தப் பச்சத் தண்ணி ரத்தச் செவப்பா எரியும். பச்சையம் யூவியையும் நீலத்தையும் முழுங்கிட்டு வேற வேலை செய்ய வழியில்லாம 680 நானோமீட்டர் பக்கத்துல செவப்பா கக்குது. பயிர்ல இருக்கும்போது அந்த வெளிச்சம் நெல்லு செய்யவும் சூடாவும் போயிடும், கொஞ்சூண்டுதான் செவப்பா வெளிய கசியும், அந்தக் கசிவ அளக்குற செயற்கைக்கோளு கூட இருக்கு. வயல்ல விளக்குப் பொறி வச்சா குருத்துப்பூச்சி அந்துப்பூச்சி வந்து விழறதும் இதோட ஒட்டுன விஷயம், பூச்சிக் கண்ணுக்கு யூவி நல்லாத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

எக்ஸ்ரேவுக்கும் காமாவுக்கும் வீட்டுல செய்முறை கெடையாது, செய்யவும் கூடாது. 1895ல ராண்ட்ஜன் கண்டது எக்ஸ்ரே, 1900ல வில்லார்ட் கண்டது காமா. அணுவுலேர்ந்து எலக்ட்ரான பிச்சு எடுக்குற அளவுக்கு சக்தி உள்ளது, அதனாலதான் எக்ஸ்ரே எடுக்குறவரு சுவத்துக்குப் பின்னாடி போயி நிக்கிறாரு. நம்ம பூவன், ரஸ்தாளியில இருக்குற பொட்டாசியத்துல கூட துளியூண்டு கதிரியக்கம் இருக்கு, அதுலேர்ந்து காமா வருது, அதுக்காக வாழப்பழத்த விட்டுறாதீங்க, நம்ம ஒடம்புலயும் அதே பொட்டாசியம்தான் இருக்கு. செல்போன் டவர பாத்து பயப்படுறவங்க ஒன்னு கவனிக்கணும், டவர் அலையில ஒரு துளிக்கு இருக்குற சக்தி கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தோட ஒரு துளிய விட லட்சம் மடங்குக்கும் மேல கம்மி, எலக்ட்ரான பிச்சு எடுக்க அதால முடியாது. உச்சி வெயில்ல தலையில துண்டு கூட இல்லாம நடவு நடுறவங்களுக்கு மேல எறங்குற யூவிதான் எனக்குக் கவலையா இருக்கு.

அப்பளத்துல வெளிச்சத்தோட வேகம்

வீட்டுல மைக்ரோவேவ் ஓவன் இல்லன்னா சொந்தக்காரங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. உள்ள சுத்துற கண்ணாடித் தட்ட எடுத்துருங்க, சுத்தக் கூடாது, அதான் விஷயமே. நடுவுல இருக்குற சுத்துற முனை மேல இடிக்காத மாதிரி ஒரு பீங்கான் தட்ட கவுத்து வச்சு, அது மேல பொரிக்காத அப்பளத்த இடைவெளி இல்லாம பரப்பி இருபது முப்பது செகண்டு ஓட விடுங்க. கண்ண எடுக்காம நில்லுங்க, கருக ஆரம்பிச்சா நிறுத்திருங்க. அப்பளம் முழுசா பொரியாது, அங்கங்க வெள்ளையா கொப்புளம் கெளம்பும், நடுவுல பச்சையாவே கெடக்கும். பக்கத்துப் பக்கத்து கொப்புளத்தோட நடுவுலேர்ந்து நடுவுக்கு ஸ்கேல் வச்சு அளங்க, சுமாரா 6.1 சென்டிமீட்டர் வரும். அது பாதி அலைநீளம், ரெண்டால பெருக்குங்க. ஓவன் பின்னாடி ஸ்டிக்கர்ல 2450 மெகாஹெர்ட்ஸ்னு போட்டுருக்கும். 0.122 மீட்டர 245 கோடியால பெருக்குனா நொடிக்கு 29 கோடியே 89 லட்சம் மீட்டர், உண்மையான கணக்கு 29,97,92,458. ஓவனுக்கு ஓவன் கொப்புளம் இடம் மாறும், அஞ்சர ஏழுன்னும் வரலாம், நாலஞ்சு எடத்துல அளந்து சராசரி எடுங்க. மிச்ச அப்பளத்த எண்ணெய்ல பொரிச்சுக்கலாம், ஒன்னும் ஆவாது, மைக்ரோவேவ் பட்ட சாமான்ல கதிரியக்கம் ஏறாது.

இதே குடும்பத்து அலைதான் காரைக்கால் வானிலை ரேடார்லேர்ந்து போறதும், அதுல அலைநீளம் 10 சென்டிமீட்டர் பக்கம், மழைத்துளில பட்டுத் திரும்பி வர்றத வச்சுத்தான் மழை எங்க நிக்குதுன்னு படம் போடுறாங்க. ஐப்பசி கார்த்திகையில சம்பா நிக்கும்போது வானம் பூரா மேகமா இருக்கும், சாதா கேமரா வச்ச செயற்கைக்கோளுக்கு வயலே தெரியாது, ரேடார் வச்சதுக்கு மேகம் ஒரு தடையே இல்ல.

ரேடியோ

பேட்டரில ஓடுற, மீடியம் வேவ் இருக்குற ரேடியோவா எடுங்க. எஃப்எம் மட்டும் இருக்குறது இதுக்கு ஒதவாது. மொதல் வேலை: ஸ்டேஷன் இல்லாத எடத்துல முள்ள நிறுத்திட்டு பம்புசெட் கொட்டாய்க்கு வெளிய நின்னு யாரையாவது மோட்டார் போடச் சொல்லுங்க. ஸ்டார்ட்டர் பட்டன் விழுந்த அந்த நொடியில ரேடியோ "டப்"புன்னும். ஸ்டார்ட்டருக்குள்ள காண்டாக்ட்ல தீப்பொறி பறக்குதுல்ல, அது நாலாபக்கமும் ரேடியோ அலைய வீசுது. 1887ல ஹெய்ன்ரிஷ் ஹெர்ட்ஸ் ஜெர்மனில கார்ல்ஸ்ரூஹேல செஞ்சது அடிப்படையில இதேதான், ஒரு எடத்துல தீப்பொறி விட்டு தள்ளி நின்ன கம்பி வளையத்துல குட்டித் தீப்பொறிய வாங்கிக் காட்டுனாரு, மின்காந்த அலை இருக்குன்னு மேக்ஸ்வெல்ங்கற விஞ்ஞானி கணக்குல எழுதி வச்சது அப்பதான் நேர்ல நிரூபணமாச்சு. மழைக்காலத்துல மின்னலுக்கும் ரேடியோ கரகரன்னும், மின்னல் தொலைவுல இருந்தா வெளிச்சம் கண்ணுக்குப் படாமலே ரேடியோவுக்குத் தெரிஞ்சுரும், கரகரப்பு அடிக்கடி வந்தா களத்துல காயிற நெல்ல படுதா போட்டு மூடிருங்க.

ரெண்டாவது, ஸ்டேஷன் எந்தத் திசைன்னு கண்டுபுடிக்கிறது. 936ல திருச்சிய வச்சுட்டு சத்தத்த கம்மியா வச்சு ரேடியோவ படுக்கை வாக்குல மெதுவா சுத்துங்க. உள்ள ஒரு கருப்பு ஃபெரைட் குச்சியில கம்பி சுத்திருக்கும், அநேகமா ரேடியோ நீளவாக்குல இருக்கும். அந்தக் குச்சி முனை ஸ்டேஷனப் பாத்து நிக்கும்போது சத்தம் தேயும், குறுக்க நிக்கும்போது நல்லா எடுக்கும். தஞ்சாவூர்ல நின்னு செஞ்சா சத்தம் தேயுற எடத்துல குச்சி கிழக்கு மேற்கா நிக்கும், திருச்சி மேக்கால. கிழக்கா மேக்கான்னு இது சொல்லாது, கோட்ட மட்டும்தான் காட்டும், வேற ஊர்ல போயி இன்னொரு தடவ செஞ்சு மேப்புல ரெண்டு கோட்டையும் போட்டா வெட்டிக்கிற எடம் ஸ்டேஷன். எஃப்எம்ல காரைக்கால் 100.3 மெகாஹெர்ட்ஸ், அலை 3 மீட்டர்தான், அதுக்கு இந்தக் குச்சி வேலைக்காவாது, நீட்டுற ஆண்டெனாதான்.

மூணாவது, பொழுது சாஞ்சப்பறம் அதே மீடியம் வேவ்ல முள்ள மெதுவா நகத்திக்கிட்டே வாங்க. பகல்ல எடுக்காத தூரத்து ஸ்டேஷனெல்லாம் வரிசையா வரும். பகல்ல வெயில்னால மேல வளிமண்டலத்துல ஒரு அடுக்கு மின்னேறி இந்த அலைய உறிஞ்சிடும், ராத்திரி அந்த அடுக்கு கலைஞ்சு போயி அதுக்கும் மேல இருக்குற அடுக்குல பட்டு அலை திரும்ப கீழ வருது. அந்தக் காலத்துல இலங்கை வானொலிய நம்ம பக்கம் அவ்ளோ தெளிவா கேட்டதுக்கு கடல் தண்ணியும் ஒரு காரணம், உப்புத் தண்ணி மேல இந்த அலை தரையில போறத விட நல்லா போகும். இதச் செய்யும்போது வீட்டுல எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாத்தையும் அணைச்சுருங்க, அதுங்க உள்ள இருக்குற மலிவு சர்க்யூட்டு பக்கத்துல எங்க இருந்தாலும் உய்ய்னு கத்தி ஸ்டேஷன முழுங்கிடும், அணைச்சும் சத்தம் வந்தா பக்கத்து வீட்டு பல்பா இருக்கும், ரேடியோவத் தூக்கிக்கிட்டு வரப்புக்குப் போயிடுங்க.